பத்து நாள் விருந்தாளி

பூங்கழி நாட்டு அரசவையில் விடங்கர் என்று ஒருவர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் அதிகாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவரே அன்று கலங்கிப் போயிருந்தார்.

காரணம், கண் வைத்தியர் ஜுலைகா பீவி. மலாக்காவிலிருந்து வந்து, இருபது வருடமாக ஊருக்கே பார்வை கொடுத்தவர். விடங்கரின் வலக்கண்ணும் அவர் மீட்டுத் தந்ததுதான். அரசர் மகிழ்ந்து, 'நிரந்தரக் குடி' என்று செப்புப் பட்டயமே கொடுத்திருந்தார். மலாக்காவில் படுக்கையில் கிடந்த தகப்பனாரைப் பார்க்கப் போன பீவி, அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. துறைமுகத்திலேயே பட்டயத்தைப் பிடுங்கிக்கொண்டார் குடிப்பதிவு அதிகாரி மழவராயர். ஆற்றங்கரையில் இருந்த பீவியின் வீட்டின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

வழக்கு சபைக்கு வந்தது.

"ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பட்டயம் செல்லாது, அரசே. இனி இவர் விருந்தாளி. பத்து நாள் தங்கலாம். அப்புறம் கப்பல்தான்" என்றார் மழவராயர்.

"வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனேன். திரும்பி வரும் எண்ணத்தில்தானே ஐயா?" என்றார் பீவி.

"எண்ணத்தின் மேல் முத்திரை குத்த முடியுமா? உடம்பு இங்கே இருந்ததா, இல்லையா?"

விடங்கர் எழுந்தார். சொல்லப்போகிற பேச்சுக்குத் தலை போனாலும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"இந்தச் சட்டம் யாருக்கு, மழவராயரே?"

"இந்நாட்டில் குடியிருக்கும் எல்லாருக்கும்."

"விதிவிலக்கு?"

"ஒருவருக்கும் கிடையாது!"

விடங்கர் அரியணைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "வெளிநாட்டு விருந்தாளிக்கு வணக்கம்."



"என்ன உளறுகிறீர்?" என்று சீறினார் அரசர்.

"மாமனார் நாட்டு விருந்துக்குப் போன தாங்கள், பதினைந்து மாதம் கழித்துத்தானே வந்தீர்கள்? சட்டப்படி தங்களுக்கும் பத்து நாள்தான். அதுவும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கப்பல் தயாரா என்று இவரைத்தான் கேட்க வேண்டும்."

மழவராயர் பதறி முன்னால் ஓடிவந்தார். "அரசே! தங்கள் உடம்புதான் அங்கே இருந்தது. மனம் முழுக்க இங்கேதான் குடியிருந்தது!"

"ஆக, மனம் எங்கேயோ அங்கேதான் குடியிருப்பு?" என்றார் விடங்கர்.

"ஆமாம், ஆமாம்!"

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பட்டயத்தை வாங்கித் தம் கையாலேயே பீவியிடம் கொடுத்தார். "விடங்கரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"பரிசெல்லாம் வேண்டாம், அரசே. வெகுநாளாக மழவராயரின் மனம் இந்த அம்மாவின் வீட்டில்தான் குடியிருக்கிறது. அதை இன்றைக்கே காலி செய்யச் சொல்லுங்கள், போதும்!"