கொடுக்காயியின் வாசல் காவல்

ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரம். அதன் பொந்துக்குள் தேனீக்கள் அடுக்கடுக்காகக் கூடு கட்டி வாழ்ந்தன. கூட்டுக்கு ஒரே வாசல். மரப்பட்டையில் ஒரு கீறல், அவ்வளவுதான். அந்த வாசலின் காவல் தலைவி பெயர் கொடுக்காயி.

கொடுக்காயி பொல்லாதது. ஆனால் வேலையில் சுத்தம். வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, மீசையால் தடவி மோந்து பார்க்கும். கூட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே தாய், ஒரே மெழுகு. அதனால் எல்லார் மேலும் ஒரே வாசனை. வாசனை ஒத்துப்போனால், "சரி சரி, உள்ளே போ, வழியை மறிக்காதே" என்று விட்டுவிடும். ஒத்துப்போகாவிட்டால் கடித்துத் துரத்தும். தேனீக்கள் ஊரில் பெயரும் ஊரும் விசாரிக்கிற வழக்கமே கிடையாது. எல்லாம் மீசைதான்.

அதே வாசலில் காத்தாயி என்ற தேனீயும் நிற்கும். அதற்கு விசிறுகிற வேலை. கூட்டுக்குள் புழுக்கம் வந்தால் இறக்கையை அடித்துக் காற்றை உள்ளே தள்ளும். இல்லாவிட்டால் மெழுகு இளகித் தேன் ஒழுகிவிடும் அல்லவா? காத்தாயிக்கு இறக்கையும் ஓயாது, வாயும் ஓயாது.

காத்தாயிக்கு உயிருக்கு உயிரான தங்கை தேனம்மை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் பிறந்தவை. தேனம்மை காட்டுக்குப் போய்த் தேன் கொண்டுவரும். வாசலில் அக்காவைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போகும்.

ஒரு மத்தியானம் கதண்டு வந்தது. கதண்டு என்றால் சாதாரணக் குளவி இல்லை. தேனீயைக் கழுத்தில் கடித்துத் தூக்கிப் போய்த் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிற ராட்சசக் குளவி. வெயிலில் கொடுக்காயி கொஞ்சம் கண் அசந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்ற ஒரு சின்னக் காவல் தேனீயைக் கவ்விக்கொண்டு கதண்டு பறந்தே போய்விட்டது.

"என் கண் முன்னாலே என் தங்கச்சியைத் தூக்கிட்டுப் போயிடுச்சே" என்று கொடுக்காயி அழுதது. யார் தேற்றியும் கேட்கவில்லை. பாவம், அதன் நெஞ்சு அப்படி வெந்தது. அழுது முடித்ததும் சபதம் போட்டது. "இனிமே நம்ம வாசனை இல்லாத ஒரு தூசு கூட இந்த வாசலைத் தாண்டாது!"

சபதம் என்னவோ நல்ல சபதம்தான். அது யார் தலையில் விடிந்தது என்பதுதான் சங்கதி.

முதலில் மாட்டியது இடுக்கி. இடுக்கி பார்க்கத் தேள் மாதிரி இருக்கும். ஆனால் வாலும் கிடையாது, கொடுக்கும் கிடையாது, மொத்த உருவமே எள்ளளவு. கூட்டுக்குள் பட்டை இடுக்கில் ஒரு மூலையில் குடியிருந்தது. தேனீக் குழந்தைகள் மேல் ஒட்டி ரத்தம் குடிக்கிற உண்ணிகளைப் பிடித்துத் தின்னும். அதுதான் அது கொடுக்கிற வாடகை.

"எட்டுக் காலோட எங்க வீட்டுல உனக்கு என்ன வேலை? வெளியே போ" என்றது கொடுக்காயி.

"என்னம்மா இது? உங்க பாட்டி காலத்துல இருந்து நாங்க இங்கேதானே இருக்கோம். யாரையாவது கடிச்சேனா? தேனைத் தொட்டேனா?" என்றது இடுக்கி.

"உன் மேல நம்ம வாசனை இல்ல. பேச்சை வளர்க்காதே."

காத்தாயி குறுக்கே வந்தது. "அக்கா, அதுனால நமக்கு ஒரு தொந்தரவும் இல்லையே. உபகாரம்தானே? விட்டுடுங்கக்கா."

"நீ விசிறு. விசிறுகிறவளுக்குக் காவல் பத்தி என்ன தெரியும்?"

இடுக்கியை இரண்டு காவல் தேனீக்கள் காலைப் பிடித்து இழுத்துப்போய் வெளியே தள்ளின. அது பட்டையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "போறேன் தாயி, நீங்க நல்லா இருங்க" என்றது. அப்போதும் அதற்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வருகிறது.

சில நாளில் உள்ளே உண்ணிகள் பெருகின. குழந்தைகள் நெளிந்தன. தாதித் தேனீக்கள் புலம்பின. கொடுக்காயி அதைக் கேட்டு என்ன சொன்னது தெரியுமா? "பார்த்தீங்களா, எதிரி உள்ளேயே புகுந்துட்டான். காவலை இன்னும் இறுக்கணும்!" இறுக்கியதால் வந்த வினைக்கு மருந்தாக இன்னும் இறுக்கினால் எங்கே போய் நிற்கும்?

அந்தச் சமயத்தில்தான் புங்க மரம் பூத்தது. அதுவரை கூட்டில் வேப்பம்பூத் தேன்தான். தேனம்மை புங்கம்பூவில் புரண்டு, வயிறு நிறையத் தேனோடு, உடம்பெல்லாம் புதுப் பூ வாசனையோடு வந்து இறங்கியது.

கொடுக்காயி மீசையால் தடவியது. முகம் மாறியது.

"நில்லு. யாரு நீ?"

"நான்தான்க்கா, தேனம்மை. விளையாடாதீங்க, வயிறு கனக்குது."

"பேரு யாரு கேட்டா? நம்ம வாசனை இல்ல."

"மேலே இருக்கிறது பூ வாசனைக்கா. அதுக்கு அடியில நம்ம வாசனை இருக்கும். இன்னொரு தடவை மோந்து பாருங்க."

கொடுக்காயி இன்னொரு தடவை மோந்து பார்க்கவில்லை. "பிடிங்க அவளை!" என்றது. காவல் தேனீக்கள் பாய்ந்தன. ஒன்று காலைக் கடித்தது. இன்னொன்று இறக்கையைக் கடித்து இழுத்ததில் ஓரம் கிழிந்தே போனது. தேனம்மை உருண்டு கீழே ஒரு கிளையில் போய் விழுந்தது.

"ஐயோ, அது நம்ம பிள்ளைக்கா! அது என் தங்கச்சி!" என்று காத்தாயி கதறியது.

"தங்கச்சி வேஷத்துல யாராவது வந்தா? நீ பொறுப்பு ஏத்துக்குவியா?" என்று கேட்டது கொடுக்காயி.

அன்றைக்குப் புங்கம்பூவுக்குப் போன யாரும் உள்ளே வர முடியவில்லை. வந்தவர்களெல்லாம் கடி வாங்கிக்கொண்டு, தேனம்மையோடு அதே கிளையில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே குழந்தைகள் பசியில் வாயைத் திறந்து திறந்து மூடின. வெளியே வயிறு நிறையத் தேனோடு அக்காமார்கள். நடுவில் ஒரு வாசல். காத்தாயி விசிறிக்கொண்டே கிளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கியது. ராத்திரிப் பனி இறங்கினால் கிழிந்த இறக்கையோடு தங்கச்சி பிழைக்காது. அது காத்தாயிக்கு நன்றாகத் தெரியும்.

பொழுது சாய்வதற்குள், ருசி கண்ட கதண்டு திரும்பி வந்தது. இந்த முறை ஒரு தேனீயைத் தூக்குவதற்காக வரவில்லை. வாசலில் தன் வாடையைப் பூசிவிட்டுப் போனால், அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு அதன் கூட்டமே வந்துவிடும். அப்புறம் கூடும் இல்லை, குழந்தைகளும் இல்லை.

"பந்து கட்டுங்க!" என்று கத்தியது கொடுக்காயி.

பந்து என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கதண்டின் தோல் கெட்டி, தேனீயின் கொடுக்கு ஏறாது. அதனால் தேனீக்கள் எல்லாம் சேர்ந்து அதன்மேல் விழுந்து மூடிக்கொள்ளும். பந்து மாதிரி உருண்டு, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கிளப்பும். அந்தச் சூட்டில் கதண்டு வெந்து செத்துப்போகும். ஆனால் கதண்டு தாங்குகிற சூட்டுக்கும் தேனீ தாங்குகிற சூட்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம்; அதைத் தாண்டினால் தேனீயும் வெந்துபோகும்.

கொடுக்காயியும் காவல்காரர்களும் பாய்ந்தார்கள். ஆள் போதவில்லை. பாதிப் பேரைத்தான் வெளியே தள்ளியாகிவிட்டதே! கதண்டு ஓர் உதறு உதறியது. நாலாபுறமும் தேனீக்கள் சிதறின.

கிளையிலிருந்து அதைப் பார்த்தது தேனம்மை. "கடிச்சாங்க, துரத்துனாங்க, எல்லாம் சரி. அதுக்காக வீடு போறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? வாங்கடி!" என்று கிழிந்த இறக்கையோடு தத்தித் தத்திப் பறந்தது. புங்கம்பூக்காரர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்து விழுந்தார்கள். பந்து பெருத்தது. சூடு ஏறியது. கதண்டு முனகியது, துடித்தது, பிறகு அடங்கிவிட்டது.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"விடாதீங்க! நடிக்குது! இன்னும் சூடு ஏத்துங்க!" என்றது கொடுக்காயி.

சூடு இன்னும் ஏறியது. நடுவில் இருந்த தேனீக்கள் ஒவ்வொன்றாக மயங்கின. வாசல் ஓரத்து மெழுகு இளகித் தேன் சொட்டத் தொடங்கியது. பந்துக்கு நடுவிலிருந்து தேனம்மையின் குரல் மெல்லக் கேட்டது. "அக்கா... மூச்சு முட்டுது..."

காத்தாயி அதுவரை உத்தரவுக்குக் காத்திருந்தது. இனிமேல் காத்திருந்தால் தங்கச்சி இல்லை. பந்துக்கு எதிரே போய் நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து விசிறியது.

"போதும்! அது செத்தாச்சு! இனிமே நீங்க வேகவைக்கிறது நம்ம பிள்ளைங்களைத்தான். கலைஞ்சு போங்க!"

குளிர்ந்த காற்று பட்டதும் தேனீக்களுக்கு நிதானம் வந்தது. ஒவ்வொன்றாகக் கையை விட்டன. பந்து கலைந்தது. செத்த கதண்டு பொத்தென்று கீழே விழுந்தது. மயங்கிக் கிடந்த தேனம்மை மெல்ல மீசையை அசைத்தது. காத்தாயி அப்போதுதான் மூச்சு விட்டது.

கொடுக்காயி வெற்றிக் களிப்பில் வாசலுக்கு வந்தது. சண்டைக்குப் போகாமல் அங்கே புதிதாக நின்ற காவல் தேனீ மீசையை நீட்டி மோந்து பார்த்தது.

"நில்லு. யாரு நீ?"

"என்னடி கேள்வி? நான் கொடுக்காயி!"

"பேரு யாரு கேட்டா? உன் மேல கதண்டு வாடை அடிக்குது."

"இப்பத்தானே அதைக் கட்டிப் பிடிச்சுக் கொன்னேன்? வாடை அடிக்காம சந்தனமா மணக்கும்?"

"நம்ம வாசனை இல்லாத தூசு கூட உள்ளே வரக் கூடாதுன்னு தலைவி உத்தரவு. பிடிங்க இவளை!"

காவல் தேனீக்கள் சூழ்ந்துகொண்டன. எல்லாம் கொடுக்காயியே பழக்கிவிட்ட பிள்ளைகள். கடி எங்கே விழுந்தால் வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்தவை. "அது பூ வாசனைதான், இன்னொரு தடவை மோந்து பாருங்க" என்று தேனம்மை கெஞ்சியது அப்போதுதான் கொடுக்காயிக்கு ஞாபகம் வந்தது.

அந்தத் தேனம்மைதான் நடுவில் புகுந்து நின்றது. "தொடாதீங்க. இது நம்ம அக்கா. மேலேதான் கதண்டு வாடை. கொஞ்சம் பொறுங்க, அடியில இருக்கிறது தெரியும்."

காத்தாயி கொடுக்காயி மேல் விசிறியது. விசிறியது, விசிறியது. கதண்டு வாடை காற்றோடு போனது. அடியிலிருந்து பழைய மெழுகு வாசனை மெல்ல வந்தது. காவல் தேனீ மறுபடி மோந்து பார்த்துவிட்டு அசடு வழிந்தது. "அட, நம்ம தலைவி! உள்ளே போங்கக்கா, வழியை மறிக்காதீங்க."

கொடுக்காயி உள்ளே போகவில்லை. தேனம்மையின் கிழிந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"நான் உன்னைக் கடிக்கச் சொன்னேன். நீ எதுக்குடி என்னைக் காப்பாத்துனே?"

"நீங்க கெட்டவங்க இல்லக்கா. பயந்துட்டீங்க, அவ்வளவுதான்" என்றது தேனம்மை.

கொடுக்காயி தேனம்மையைத் தானே தோளில் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனது. புங்கம்பூக்காரர்கள் பின்னால் வரிசையாக வந்தார்கள். உள்ளே குழந்தைகளுக்கு அன்றைக்கு விருந்துதான்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் புது வழக்கம் வந்தது. யார் மேலாவது சந்தேகம் வந்தால் ஒரே காவல்காரி முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது ஆளும் மோந்து பார்க்க வேண்டும். சண்டை நடக்கிற இடத்தில் விசிறுகிற ஒருத்தி கட்டாயம் நிற்க வேண்டும். அவள் "போதும்" என்றால் தலைவியானாலும் கையை விட வேண்டும். அதற்காகக் காவல் தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் இன்னொரு கதண்டு வந்தது. வந்ததுதான் தெரியும், போகவில்லை.

அப்புறம் கொடுக்காயி தானே பட்டையெல்லாம் தேடிப் போய் இடுக்கியைக் கண்டுபிடித்தது.

"வீட்டுக்கு வாப்பா. உன் மூலையை அப்படியே வெச்சிருக்கோம்."

"வரேன் தாயி. உண்ணி நிறைய சேர்ந்திருக்குமே?" என்று நாக்கைச் சப்புக்கொட்டியது இடுக்கி.

"உனக்காகத்தான் வளர்த்து வெச்சிருக்கேன், போ" என்றது கொடுக்காயி. அதைக் கேட்டுக் காத்தாயி சிரித்த சிரிப்பில் விசிறுவதையே மறந்துவிட்டது.

நம் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க்கிருமி வந்தால் காய்ச்சலைக் கிளப்பிக் கொல்லும். வயிற்றில் குடியிருக்கிற நல்ல கிருமிகளைச் சும்மா விட்டுவைக்கும். எப்போதாவது ஆள் தெரியாமல் நம் கை கால் மூட்டுகளையும் தோலையுமே கடிக்கத் தொடங்கினால் அதுவே ஒரு வியாதியாகிவிடும். அங்கேயும் "போதும்" சொல்லிப் படையை அடக்குகிற அணுக்கள் உண்டு, காத்தாயி மாதிரி.

எதிரியை அடிக்கிற வீரம் மட்டும் போதாது. தீங்கில்லாதவரைப் பொறுத்துக்கொண்டு, நம்மவரை அடையாளம் கண்டு, வேலை முடிந்ததும் கையை விடத் தெரிந்ததுதான் நல்ல காவல்.