பேச்சிழந்த அரசன் பீக்கஸ்

பறவைகளும் மிருகங்களும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், டைபர் நதிக்கரையில் லாட்டியம் என்றொரு நாடு இருந்தது. அதன் அரசன் பீக்கஸ். ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் சொன்னாலும் மாறமாட்டான். அவன் மனைவி ஃபுல்வியா.

ஒருநாள் பன்றி வேட்டைக்குப் போன பீக்கஸ், கூட வந்தவர்களை விட்டு வெகுதூரம் விலகிவிட்டான். அங்கே மூலிகை பறித்துக்கொண்டிருந்த ஒரு சூனியக்காரி அவனைப் பார்த்ததுமே ஆசைப்பட்டாள். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னோடு இருந்துவிட்டால் சாவே வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

“எனக்கு மனைவி இருக்கிறாள். வழி விடுங்கள்,” என்றான் பீக்கஸ்.

அவள் கெஞ்சினாள், பிறகு மிரட்டினாள். அவன் கடிவாளத்தை விடுவித்துக்கொண்டான். உடனே அவள் தன் கோலால் அவன் தோளைத் தொட்டாள். கைகள் இறக்கைகளாயின. தலையில் கட்டியிருந்த சிவப்புப் பட்டு கொண்டையாயிற்று. வாய் நீண்டு அலகாயிற்று. மற்றப் பறவைகளுக்கு இருந்த பேச்சை மட்டும் அவள் அவனுக்குத் தரவில்லை.

“சம்மதம் என்று தலையை ஆட்டு, போதும். அந்த நொடியே மனிதனாகிவிடுவாய்,” என்றாள்.

பீக்கஸ் பறந்துபோய் ஓர் ஓக் மரத்தில் உட்கார்ந்தான்.

தேடிப் போனவர்கள் எல்லாரும் அரசர் இறந்திருப்பார் என்று சொல்லிவிட்டார்கள். ஃபுல்வியா நம்பவில்லை. மூன்றாம் நாள் தனியாகவே காட்டுக்குள் வந்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி நடந்தாள். அது அவனுக்குக் கேட்டது. பதில் சொல்லக் குரல் இல்லை. வேறு வழி தெரியாமல் அலகால் மரத்தை ஓங்கி அடித்தான். வலித்தது. மறுபடியும் அடித்தான். அவள் கூப்பிட்டால் சத்தம் வந்தது. நிறுத்தினால் சத்தமும் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே அவள் மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

சூனியக்காரியும் வந்தாள். நடந்ததை அவளே ஃபுல்வியாவிடம் சொன்னாள். அவனைத் தனக்கு விட்டுக்கொடுத்தால் அவன் மனிதனாக வாழலாம் என்றாள்.

ஃபுல்வியா மரத்தை ஒட்டி நின்றாள். பிறகு மேலே பார்த்து, “உங்களுக்குப் பழைய உடம்பு வேண்டுமென்றால் சரி சொல்லிவிடுங்கள். நான் தப்பாக நினைக்கமாட்டேன்,” என்றாள்.

பீக்கஸ் தலையாட்டவில்லை. சூனியக்காரி பேசப் பேச, அவள் குரலே கேட்காதபடி மரத்தை அடித்தான். பட்டை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. சாயங்காலம்வரை நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஃபுல்வியா அங்கேயே குடிசை போட்டுக்கொண்டாள். அவன் தட்டுவான், அவள் பதில் சொல்வாள். மரங்கொத்தி நாலு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறதே, அது அப்போது வந்த பழக்கம்தான்.