விட்டுக்கொடுத்த பங்கு

மூன்று மாதமாகச் சுகந்திக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

விவாகரத்து ஆனபோது, மகள் நேத்ராவின் செலவுக்கு மாதம் எட்டாயிரம் தருவதாகத் தண்டபாணி கைப்பட எழுதிக் கொடுத்தான். பண விஷயத்துக்குக் கோர்ட் வேண்டாம், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று இருவரும் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஐந்து வருஷம் ஒழுங்காகத் தந்தான். மறுமணம் முடித்து, புது வீடு கட்ட ஆரம்பித்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் பாதியாகக் குறைத்துவிட்டான். இனிமேல் இவ்வளவுதான் என்று போனில் ஒரு வரி. கூப்பிட்டால் எடுப்பதில்லை.

பனியன் கம்பெனியில் துணி மடிக்கும்போதெல்லாம் சுகந்தி மனசுக்குள் அவனோடு சண்டை போட்டாள். நேத்ராவின் பள்ளி வேனை நிறுத்த வேண்டி வந்தது. பதினோரு வயதுப் பெண் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்வந்தாள்.

ஊருக்கு வெளியே இருந்த தியானக் குடிலுக்கு ஞாயிறுதோறும் சுகந்தி போவது வழக்கம். குரு பூவாத்தாள் முன்பு நர்ஸாக இருந்தவர், சுகந்தியைவிட நாலு வயது இளையவர். சிஷ்யைதான் என்றாலும் அவளை அக்கா என்றே கூப்பிடுவார்.

அந்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளை மரத்தடியில் விளையாட விட்டுவிட்டு, குருவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினாள்.

"இனி அவர்கிட்டக் கேக்கப் போறதில்லைங்கம்மா. விட்டுட்டேன். பற்றை விடுன்னுதானே நீங்களும் சொல்லிக் கொடுத்தீங்க."

"கோபம் போயிடுச்சுங்களாக்கா?"

"அதுதான் போக மாட்டேங்குதுங்க. அதைப் போக்க ஒரு வழி சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம், வாங்க."

பந்தியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நேத்ராவின் இலையில் சோறும் பருப்பும் விழுந்தன. பசியோடு அவள் பிசைய ஆரம்பிக்கும் முன் குரு குனிந்தார். அந்தச் சோற்றில் பாதியை அள்ளி, பக்கத்தில் நிறையச் சோறு வாங்கி வைத்திருந்த ஒருவரின் இலையில் போட்டார்.

பந்தி அப்படியே நின்றுபோயிற்று.

நேத்ரா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், மிச்சமிருந்ததைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

மகள் அப்படிப் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்ததும் சுகந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்றுவிட்டாள். எதிரில் இருப்பது குரு என்பதே மறந்துபோயிற்று.

"பிள்ளை சோத்துல ஏன் கை வெச்சீங்க?"

"உங்க இலையில நான் கை வைக்கலையேக்கா."

"என்னுதா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். இது அவ சோறு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது சுகந்தியின் காதில் விழுந்தது.

குரு சோற்று வாளியை எடுத்துவந்து, நேத்ராவின் இலையில் எடுத்ததைவிட அதிகமாகவே வைத்தார். அவள் தலையைத் தடவி மன்னிப்புக் கேட்டார். சுகந்தி நின்றபடியே இருந்தாள்.

"அப்போ இந்தக் கோபத்தை நான் என்னதாங்க பண்றது?" என்று கேட்டாள்.

குரு பருப்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"நாளைக்குத் திங்கக்கிழமை. குடும்பநலக் கோர்ட் திறக்கற வரைக்கும் ஆறவிடாம வெச்சிருங்கக்கா."