மிளகு வராத மடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதந்துறை என்ற நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கூப்பிட்டால் கூப்பிட்ட கணத்தில் ஆள் வந்து நிற்க வேண்டும் அவனுக்கு. சாப்பாட்டில் கை வைத்தவனும் கையைக் கழுவாமல் ஓடிவர வேண்டும்.

அவனுடைய மந்திரி மாசிலாமணிக்குப் பூனைகள் என்றால் உயிர். ராஜா எந்நேரமும் சிடுசிடுவென்று இருப்பதைப் பார்த்து, தன் வீட்டில் பிறந்த கறுப்புக் குட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ராஜாவுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மிளகு என்று பெயர் வைத்தான். அது வளர்ந்து, சிம்மாசனத்தின் பட்டு மெத்தையைப் பிறாண்டி நூல் நூலாக்கியது. செத்த பல்லியைக் கொண்டுவந்து ராஜாவின் பாதுகைக்குள் போட்டது. அதையெல்லாம் ராஜா பொறுத்துக்கொண்டான்.

ஒருநாள் அவை நிறைந்திருந்தபோது, "மிளகு, இங்கே வா" என்று கூப்பிட்டான். ஜன்னல் மாடத்தில் கிடந்த மிளகு அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டு, ஒரு காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

தளவாய் அகோரம் எழுந்தான். படைக்குத் தலைவன், மந்திரி பதவி மேல் அவனுக்கு நெடுநாளாகக் கண்.

"மகாராஜா, உங்கள் சொல்லை நான் மீறினால் என் தலை இருக்காது. இதற்கு மட்டும் தனிச் சட்டமா? நாளைக்கு ஊரே இப்படிக் கொட்டாவி விடும். கொடுத்தவர் பழக்கியல்லவா கொடுத்திருக்க வேண்டும்?"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "மந்திரியாரே, நாளை அவை கூடும்போது இது தானாக என் மடியில் வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் நீரும் இதுவும் நாட்டை விட்டுப் போய்விடுங்கள்."

"முதலில் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்றான் அகோரம். "நான் வரவைத்துவிட்டால் மந்திரி பதவி எனக்கு."

"ஆகட்டும்" என்றான் ராஜா.

மாசிலாமணி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி வடிவு விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"போகச் சொன்னால் போவோம். ஆனால் இத்தனை பூனைகளை எப்படி மூட்டை கட்டுவீர்கள்?"

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றபடி அவர், வெட்டப்போகும் புது ஏரியின் படத்தை மடியில் விரித்தார். பெரிய துணியில் வரைந்த படம். பதவி போனாலும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தார். விரித்து ஒரு கரையைக்கூடப் பார்க்கவில்லை, அடுப்படியில் கிடந்த தாய்ப்பூனை எழுந்து வந்து படத்தின் நடுவில் படுத்துக்கொண்டது.

"இதற்கு வேறு இடமே கிடையாதா?" என்று அலுத்துக்கொண்டாள் வடிவு. "நீங்கள் எதைக் கவனமாகப் பார்த்தாலும் அதன்மேல்தான் வந்து படுக்கும்."

மாசிலாமணி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் அகோரம் பொரித்த மீனோடு வந்தான். ராஜாவின் மடியில் வாழையிலையை விரித்து, அதில் மீனை வைத்தான். மிளகு மாடத்திலிருந்து குதித்து ஓடிவந்தது. "பார்த்தீர்களா?" என்று அகோரம் திரும்புவதற்குள், மீனைக் கவ்விக்கொண்டு தூண் மறைவுக்குப் போய்விட்டது. தின்று முடித்ததும் மாடத்தில் ஏறி முகம் கழுவிக்கொண்டது.

"மீனுக்கு வந்தது, மீனோடு போய்விட்டது" என்றான் ராஜா. "மந்திரியாரே, இனி உம் முறை."

மாசிலாமணி ஏரிப் படத்தை ராஜாவின் மடியில் விரித்தார். "மகாராஜா, மதகு எங்கே வரவேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள். பூனையைக் கூப்பிட வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம்."

"கூப்பிடாமல் எப்படி வரும்?"

"இன்று ஒருநாள் நான் சொல்வதைக் கேளுங்கள்."

ராஜா வேண்டாவெறுப்பாகப் படத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க மனம் அதில் போய்விட்டது. "மதகை இந்த மூலையில் வைத்தால் மேட்டுவயலுக்குத் தண்ணீர் ஏறாதே" என்று விரலை வைத்தான். விரல் வைத்த இடத்தில் ஒரு கறுப்புப் பாதம் விழுந்தது. மிளகு மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஏரி முழுவதையும் மறைத்துக்கொண்டு படுத்தது. தலையை ராஜாவின் மணிக்கட்டில் சாய்த்து, குர்குர் என்றபடி கண்ணை மூடியது.

"இது என்ன நியாயம்?" என்றான் அகோரம். "அது கட்டளைக்குப் பணிந்து வரவில்லையே."

"வாஸ்தவம்தான்" என்றார் மாசிலாமணி. "தளவாயே, நீங்கள் இன்று எதற்காக வந்தீர்கள்?"

"ராஜா வரச் சொன்னார், வந்தேன்."

"நானும் அப்படித்தான். வராவிட்டால் நமக்குத் தலை போகும். மிளகுக்கு அந்தப் பயம் கிடையாது. இப்போது மீனும் இல்லை. ராஜா எதிலோ முனைப்பாக இருக்கிறார், பக்கத்தில் நானும் இருக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. கூப்பிடாமல் அவரிடம் வந்தது இந்த அவையில் இது ஒன்றுதான்."

கால் மரத்துப்போன பிறகும் ராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவை கலையாமல் காத்திருந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மந்திரியாரே, என்ன வேண்டும், கேளும்" என்றான்.

"வீட்டில் தாய்ப்பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு நல்ல இடம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி அகோரத்தைப் பார்த்தார்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தளவாயே, நீர் அதை எடுத்துக்கொண்டு போம். உம் கட்டளைக்குப் பணிய வைத்த பிறகு வந்து சொல்லும். அதுவரை மந்திரியைப் பற்றி ஒரு குறையும் என் காதில் விழக்கூடாது."

அகோரம் தலையைக் குனிந்தபடி குட்டியை வாங்கிக்கொண்டு போனான். அதன்பின் அவன் அவையில் அதிகம் பேசவில்லை. கையில் கீறலும் வேட்டியில் வெள்ளை முடியுமாக வந்து போனான்.

ஏரி வெட்டி முடித்து முதல் மழையில் நீர் நிரம்பிய சமயம், அவன் அவையில் எழுந்து நின்றான். மாசிலாமணி, பழைய சண்டை மறுபடி தொடங்கப்போகிறது என்று நினைத்தார்.

"மகாராஜா, மிளகைப்போலப் புத்தியுள்ள பூனை நாட்டிலேயே கிடையாது என்று மந்திரியார் சொல்லித் திரிகிறார். அது பொய். எங்கள் வீட்டுப் பூனை எட்டிக் குதித்துத் தாழ்ப்பாளையே திறக்கிறது."

"அப்படியா?" என்றான் ராஜா. "கூப்பிட்டால் வருகிறதா?"

அகோரம் நெஞ்சை நிமிர்த்தினான்.

"அதெல்லாம் வராது, மகாராஜா."