கடித்தால் கிடைக்கும் நாற்காலி

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று யார் சொன்னது? திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஒரு வீடு. அதை நடத்துபவர் ஜெசிந்தா மிஸ். முப்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் வேலை பழக வந்த மரகதத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு.

அன்று சாயங்காலம் மிஸ் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, மரகதம் நான்கு வயது வெண்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் கையில் பல் தடம்.

"துருவன்தானுங்க மிஸ். மறுபடியும்."

மிஸ் ஈரத்துணியை எடுத்துக் கடிவாயில் வைத்தார்.

"வேணும்னே பண்றானுங்க. என்னைப் பார்க்கறான். நான் பார்க்கறேன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்பறந்தான் கடிக்கறான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சேர்ல உக்கார வெச்சுட்டேன்."

அது மரகதம் கொண்டுவந்த வழக்கம். தப்பு செய்த பிள்ளை, வாசல் கிரில் ஓரத்தில் இருக்கும் சிவப்பு நாற்காலியில் தனியாக உட்கார வேண்டும். மற்ற பிள்ளைகள் கிரில் பக்கமே போகக் கூடாது.

"வெண்பாவோட அப்பா நேத்தே கத்திட்டுப் போனாருங்க. இன்னொரு தடம் பார்த்தா சும்மா இருக்க மாட்டாராம். அவனை இன்னைக்கே நிறுத்திடுங்க மிஸ்."

"அவங்கம்மா எங்க கொண்டுபோய் விடுவாங்க?"

மரகதத்துக்கும் தெரியும். துருவனின் அம்மாவுக்கு இந்த ஊரில் யாருமில்லை. பிள்ளையை விட இடமில்லையென்றால் நாளையிலிருந்து வேலையும் இல்லை. அதற்காக ஊரான் பிள்ளை கடி வாங்க வேண்டுமா? அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க்கா," என்று மிஸ் அடுப்பை அணைத்தார். "வர்ற வரைக்கும் நானும் கூடத்துல இருக்கேன்."

மிஸ் நேராக நாற்காலிக்குப் போய்த் துருவனுக்கு எதிரில் குனிந்தார். "கடிச்சா வலிக்கும். நீ யாரையும் கடிக்க நான் விடமாட்டேன். எறங்கி வா."

அவன் இறங்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மிஸ் விரல்களை மெல்லப் பிரித்துத் தூக்கி வரவேண்டியிருந்தது.

"திமிரைப் பாருங்க," என்றாள் மரகதம்.

பிள்ளைகள் சுண்டல் தின்றன. மரகதம் ஒன்றும் தின்னவில்லை. துருவன் எழுந்தால் அவளும் எழுந்தாள். அவன் வாயைத் திறந்தால் அவளுக்குப் பதறியது. தெருவில் கம்பெனி வேன்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

வீல் என்று ஒரு அலறல். அலறியவன் துருவன்.

அவன் தோளில் பல் பதித்திருந்தவள் வெண்பா. ஒரு எறும்பைக்கூட மிதிக்காத பிள்ளை. வாயை எடுத்தாள். மரகதம் பார்க்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே நடந்துபோய்ச் சிவப்பு நாற்காலியில் ஏறி, கிரில்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மரகதத்துக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது.

மிஸ் அழுகிறவனை மடியில் எடுத்துத் தோளைத் தடவினார். "அவ பக்கத்துல போய் உக்காருங்க்கா. கீழ, தரையில."

மரகதம் உட்கார்ந்தாள். கம்பிகளுக்கு நடுவே தெருமுக்கு தெரிந்தது. வேன், ஸ்கூட்டர், நடந்து வருகிறவர்கள், எந்தப் பிள்ளையின் அம்மா அப்பா வந்தாலும் அங்கேதான் திரும்பியாக வேண்டும். கூடத்தில் வேறு எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படுவது சுவர்தான்.

"இது என் சேர்," என்றாள் வெண்பா, தெருவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் கடிச்சேன்ல."

கேட் திறந்தது. துருவனின் அம்மா. தலையெல்லாம் பஞ்சு. செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னைக்கும் எதாவது பண்ணிட்டானுங்களா? நாளைக்குக் கூட்டிட்டு வரலாமுங்களா, வேண்டாமுங்களா?"

மரகதம் இவ்வளவு நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது வேறு.

"கூட்டிட்டு வா அம்மிணி," என்றாள்.

"அப்பா!" என்று வெண்பா நாற்காலியில் எழுந்து குதித்தாள். தெருமுக்கில் ஒரு பைக் திரும்பிக்கொண்டிருந்தது.

மரகதம் தரையிலிருந்து எழுந்தாள். "மிஸ், அவர்கிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"துருவன் கடிச்சான்னு சொல்லுங்க்கா. உங்க பொண்ணும் கடிச்சதுன்னு சொல்லுங்க." மிஸ் துருவனை அவன் அம்மாவிடம் கொடுத்தார். "கடிச்சதுக்கு நாம என்ன குடுத்தோம்கறதையும் சொல்லுங்க."