பலவேசம் எடுத்த அரிவாள்

நாளைக் காலையில் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். சமஸ்தானத்தின் மேல் நீதிபதி வன்னியநாதருக்குப் பேனா ஓடவில்லை. மூன்று நாளாகச் சோறும் இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் குன்றேறிப் போய், தன் குரு ஆவுடைச் சாமியின் முன்னால் உட்கார்ந்தார்.

சாமி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சுருக்கமாகச் சொல்" என்றார்.

"பலவேசம் என்று ஒரு பனையேறி. பட்டப்பகலில் கள்ளுக்கடையை விட்டு வெளியே வந்து மைத்துனன் தவசியை அரிவாளால் வெட்டிவிட்டான். தவசி பிழைத்துக்கொண்டான்."

"அப்புறம் என்ன?"

"கொல்ல நினைத்து வெட்டினால், வெட்டுப்பட்டவன் பிழைத்தாலும் தூக்கு. அதுதான் சட்டம். கீழ்க் கோர்ட்டில் அப்படியே தீர்ப்பும் ஆயிற்று. மேல்முறையீடு என்னிடம் வந்திருக்கிறது."

"அவன் என்ன சொல்கிறான்?"

"ஒன்றும் நினைவில்லையாம். வெட்டியது கள்தான், விட்டுவிடுங்கள் என்கிறார் அவன் வக்கீல். கள்ளை யாரும் அவன் வாயில் ஊற்றவில்லை, தூக்கில் போடுங்கள் என்கிறார் எதிர் வக்கீல். எனக்கோ இரண்டும் சரியென்றே படுகிறது."

"அப்படியானால் பாதித் தூக்கு போடு."

நீதிபதிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேறென்ன?"

"வேறொன்றுமில்லை சாமி. அரிவாள்கூட அவனுடையதில்லை. இன்னொரு பனையேறியுடையது. அந்தத் திருட்டுக்குத் தனியாக ஆறு கசையடி."

"தூக்குக்கு முன்னாலா, பின்னாலா?"

கேட்டுவிட்டு, எதிர்ப் பனையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பனையேறி இசக்கியைக் கூப்பிட்டார்.

"ஏலே, அடுத்தவன் அரிவாளை எடுப்பியா?"

"என்ன சாமி பேச்சு இது! பொண்டாட்டி மாறினாலும் அரிவாள் மாறாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிடியைத் தொட்டாத் தெரியும்லா. அடுத்தவன் அரிவாளைத் தொட்டா என் பாளையில கள்ளு வத்திப் போவும்."

"குடிச்சிருந்தா?"

"நாலு கலயம் வரைக்கும் தொட மாட்டேன். அதுக்கு மேல போனா பெத்த அம்மையையே தெரியாது."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி, பலவேசத்தின் அரிவாள் கடைவாசல் வேம்பிலேயே தொங்கியது. சாட்சி இருக்கிறது. பக்கத்துக் கொப்பில் தொங்கியதைத்தான் எடுத்திருக்கிறான். தன் அரிவாளே தெரியாதவனுக்கு எதிரே நின்ற மைத்துனனை எப்படித் தெரியும்? எங்கே கொல்ல நினைத்திருப்பான்?"

சாமி கொட்டையைத் துப்புரவாக எடுத்துப் போட்டார்.

"தூக்கு இல்லை சாமி! தூக்கு இல்லை!" நீதிபதி எழுந்தேவிட்டார். கண் கலங்கிவிட்டது. "விடுதலைதான்!"

"அவசரப்படாதே." சாமி மறுபடி இசக்கியிடம் திரும்பினார். "கடைக்குள்ள போறப்ப அரிவாளை ஏம்ல மரத்துல மாட்டுறீங்க?"

"குடிச்சா எவன் எவனை வெட்டுவான்னு யாருக்குத் தெரியும்? அதான் நிதானத்துல இருக்கையிலேயே மாட்டிர்றது."

தோள் தொங்கிப்போய்க் கோர்ட்டில் நின்ற தவசி நீதிபதியின் கண்ணுக்குள் வந்தான். அவனும் பனையேறிதான்; இனி ஏற முடியாது.

"சிறை உண்டு" என்றார் மெதுவாக. "ஆனால் சாமி, யாரைப் போடுவது? அரிவாளை எடுத்தவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே."

"மாட்டிவிட்டு உள்ளே போனான் பார், அவனைப் போடு."