இளவேனில் அல்லாதவர்கள்

செங்காட்டுப்பட்டி பேரூராட்சி அலுவலகத்தில், எழுதி வைத்ததை அப்படியே செய்கிற மூன்று பேர் இருந்தார்கள்: தலைமை எழுத்தர் நல்லபெருமாள், கம்ப்யூட்டர் பார்க்கும் சூசை, பியூன் இருளப்பன். ஊரில் பிறந்த ஆயிரத்து இருநூற்று நான்கு பேரின் விவரமும், ஆளுக்கு ஒரு வரியாக, ஒரே கோப்பில் இருந்தது. அதை ஏற்றிக் கொடுத்த இன்ஜினீயர் தேடும் வழியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

‘கறுப்புத் திரையில் கிரெப் என்று அடித்து, பெயரையும் கோப்பையும் கொடு. பெயர் உள்ள வரி வரும். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வை; புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். நடுவில் -வி சேர்த்தால், அந்தப் பெயர் இல்லாத வரிகளெல்லாம் வரும்.’

திங்கட்கிழமை காலை இளவேனில் வந்தாள். நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பிறப்புச் சான்றிதழை மாவட்ட ஆஸ்பத்திரியில் கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சூசை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொண்ணை முன்னப் பின்ன பார்த்ததில்லை. ஆளே தெரியாதப்போ எழுத்து மட்டும் எப்படித் தெரியும்?" என்று அவள் பெயரின் ஐந்து எழுத்துக்கும் ஐந்து புள்ளி வைத்தார். ஆயிரத்து இருநூற்று நான்கு வரியும் ஓடிவந்தன.

"இத்தனை தடவை பிறந்திருக்கியாம்மா?" என்றார் நல்லபெருமாள், பரிவோடு.

"சார், என் பேர் எனக்குத் தெரியும். அதையே அடிக்கச் சொல்லுங்க."

அடித்தார். ஒரே ஒரு வரி வந்தது. பெயர், அப்பா பெயர், தேதி, எல்லாம் சரி. அவள் கையை நீட்டினாள்.

நல்லபெருமாள் பேனாவை மூடினார். முப்பது வருஷ சர்வீஸில், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

"ஒருத்தியைக் காட்டிடுச்சு. மிச்சப் பேரெல்லாம் இவ இல்லைன்னு யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கலை," என்றார் சூசை.

"நாளைக்கு ஒருத்தன் வந்து நான்தான் இளவேனில்னு நின்னா?"

"கொடுத்தது போச்சு," என்றான் இருளப்பன்.

சூசை -வி சேர்த்தார். ஆயிரத்து இருநூற்று மூன்று பேர் வந்தார்கள். இருளப்பன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். இளவேனில் அல்லாதவர்கள் அனைவரும் ஆதார் அட்டையுடன் வந்து, தாங்கள் இளவேனில் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரிசை பஸ் ஸ்டாண்ட் வரை நின்றது. சலூன்காரர் ஒருவர், தெரிந்தவரை தான் இளவேனில் இல்லை என்றார். ‘தெரிந்தவரை’ செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். செத்துப்போனவர்களை என்ன செய்வது என்று ஒரு மதியம் முழுக்க விவாதம் நடந்தது. கடைசியில் அவர்கள் பெண்சாதிமார், ‘சாகும்வரை இவர் இளவேனிலாக இருந்ததில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். துபாயில் இருந்தவர்கள் வீடியோவில் முகத்தைக் காட்டி மறுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, இளவேனிலே எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரே ஒருவர் பாக்கி. நாலு மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு பஸ் இல்லை. சூசை பாக்கிப் பெயரை வாசித்தார்: "நல்லபெருமாள்."

நல்லபெருமாள் பேனாவைக் கீழே வைத்தார். தன் கையெழுத்தைத் தானே எப்படிச் சரிபார்ப்பது? "நான் இளவேனில் இல்லைன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன்," என்றார்.

"நினைப்பு செல்லாதுங்களே," என்றான் இருளப்பன்.

"நான் சாட்சி போடறேன் சார்," என்றாள் அவள். "நீங்க இளவேனில் இல்லை."

"அதைச் சொல்ல நீ யாரும்மா?"

"இளவேனில்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இளவேனிலே சொன்னா அதுக்கு மேல அப்பீல் ஏது," என்றார் சூசை.

நல்லபெருமாளுக்கு உயிர் வந்தது. அதே சந்தோஷத்தில் சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அவள் ஓடினாள். பஸ் கிடைத்தது.

நாலரை மணிக்கு டீ குடித்துவிட்டு, எல்லாம் முடிந்ததா என்று பார்க்க சூசை மறுபடியும் அவள் பெயரை அடித்தார். ஒரு வரி வந்தது.

"சார், இளவேனில் இன்னும் கோப்புக்குள்ளேதான் இருக்கா."

நல்லபெருமாள் எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தாள்.

"அப்போ வாங்கிட்டுப் போனது யாரு?"



"மிச்சம் ஆயிரத்து இருநூத்தி மூணு பேர் இருக்காங்களே சார், அதுல ஒருத்தர்தான்," என்றான் இருளப்பன். மறுபடியும் மைக் கட்ட ஆட்டோவைக் கூப்பிடப் போனான்.